லோகநாதன் சாருக்குத் தெரியாது

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துக்கோங்க அக்கா. என் மேல கோழி வாடை அடிக்கும். குளிச்சுட்டுத்தான் வந்தேன். சீயக்காய் போட்டு, அப்புறம் சோப்பு போட்டு, மறுபடியும் ஒருதடவை. போகாது. தலைமுடிக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். நீங்க மூக்கைத் தொட்டதைப் பார்த்தேன், அதான் சொல்றேன். பரவாயில்லைன்னெல்லாம் சொல்ல வேண்டாம். நாத்தம்னா நாத்தம்தான். நான் எதையும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன். எதிராளியும் அப்படிச் சொன்னாத்தான் எனக்குப் பிடிக்கும்.

நீங்க நாமக்கல் வரைக்குமா? நான் அதுக்கு முன்னாடியே இறங்கணும். கோழிக் கம்பெனி ஆபீஸ்ல. வேலைக்கெல்லாம் இல்லைக்கா, பதினொண்ணாவதுல நின்னவளுக்கு யார் வேலை தருவாங்க? யாரும் நிறுத்தலை, நானேதான் நின்னேன். வாத்தியார் புத்தகத்தைப் பார்த்துப் படிச்சுட்டே இருப்பார். “அதை எங்கிட்டயே கொடுத்தா நானே படிச்சுக்குவேனே சார்”ன்னு கேட்டேன். வெளியே நில்லுன்னார். நின்னேன். அப்படியே நடந்து வீட்டுக்கு வந்துட்டேன். அவ்வளவுதான்.

இப்ப ஆபீசுக்கு எதுக்குப் போறேன்னா, மேனேஜர்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். சொன்னா எங்கம்மா பண்ணை போயிடும். அடுத்த குஞ்சு இறக்க மாட்டாங்க. சொல்லாட்டி ஒரு நல்ல மனுஷனுக்குப் போன வேலை போனதுதான். என் ஒரு பொய்யால போன வேலை. எனக்கு ரெண்டு வாரமா சோறு இறங்கலை. நான் ஒரு தட்டு சோறு திங்கற ஆள் கிடையாதுக்கா, மூணு தட்டு திங்கறவ. அப்படின்னா பார்த்துக்கோங்க.

சொல்றேன். ஸ்டாப் வர இன்னும் நேரம் இருக்கு.

எங்க வீட்டை ஒட்டி ஒரு தறிப்பட்டறை இருந்துச்சு. அப்பா தறியெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுட்டு ரிக் வண்டிக்குப் போயிட்டார், போர் போடறதுக்கு. இப்ப சத்தீஸ்கர்ல எங்கேயோ இருக்கார். பட்டறை சும்மா கிடந்துச்சு. பக்கச் சுவரை இடுப்பு உயரத்துக்கு இடிச்சு வலை அடிச்சு, அம்மா கம்பெனிக்கோழி வளர்க்க ஆரம்பிச்சுது. குஞ்சு அவங்களோடது, தீனி அவங்களோடது, மருந்து அவங்களோடது. கொட்டாயும் தண்ணியும் நம்ம உடம்பும்தான் நம்முது. வளர்த்துக் கொடுத்தா கூலி. கம்பெனி ஒரே ஒரு சட்டத்தைத்தான் அழுத்திச் சொல்லும். அவங்க கோழி இருக்கிற இடத்துல வேற எந்தப் பறவையும் இருக்கக் கூடாது. ஒரு நாட்டுக்கோழிகூடக் கூடாது. கிளி வளர்க்கறீங்களான்னுகூடக் கேட்டாங்க. ஒண்ணோட சீக்கு இன்னொண்ணுக்கு ஒட்டிக்குமாம்.

எனக்கு அந்தச் சட்டமே பிடிக்கலை. ஏன்னா கம்பெனிக்கோழியைப் பார்த்துட்டே இருந்தா நமக்கே தூக்கம் வந்துடும். தின்னும், உட்காரும். தின்னும், உட்காரும். கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்காது. நாற்பது நாள்ல லாரி ஏறப்போற உசுரு, அதுக்கு எங்க எதையும் கத்துக்க நேரம்? ஆடி மாசம் சந்தைக்குப் போனேன். கிறிஸ்துமஸுக்கு வளர்த்து வித்தா நல்ல விலைன்னு போன்ல பார்த்திருந்தேன், அதனால வான்கோழிக் குஞ்சு ஒரு கூடை வாங்கினேன். பக்கத்துக் கூடையில வாத்துக்குஞ்சு. மஞ்சள் மஞ்சளா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னு என்னையே பார்க்குது. நீங்களா இருந்தா விட்டுட்டு வருவீங்களா?

“கூடையில என்னடி?”ன்னு அம்மா கேட்டுச்சு.

“வான்கோழி. இது வாத்து.”

“கம்பெனிக்காரன் பார்த்தான்னா, இறக்கின குஞ்சைத் திருப்பி ஏத்திட்டுப் போயிருவான்.”

“பார்த்தாத்தானே? நான் மறைச்சு வச்சுக்கறேன்.”

“ஒரு பிட்டுப் பேப்பரையே மறைக்கத் தெரியாம மாட்டுனவ, வாத்தை மறைக்கறாளாமா!”

அது என் பிட்டு இல்லைக்கா. பக்கத்துல உட்கார்ந்திருந்தவளோடது. சரி, அதை விடுங்க.

அந்த வாரம்தான் கம்பெனிக் குஞ்சும் இறங்கியிருந்துச்சு. பட்டறைக்கு நடுவுல தகரத்தை வட்டமா நிறுத்தி, மேல பல்பு தொங்கவிட்டு, கீழ தென்னை மஞ்சி, அதான் தேங்காய் நார்த்தூள், பரப்பி வச்சிருந்தோம். சூடு ஒரே இடத்துலதான் இருக்கு. தனியா இன்னொரு பல்பு போட அம்மா விடலை. அதனால மூணையும் ஒரே வட்டத்துக்குள்ள விட்டேன். நூல் அடுக்கி வைக்கிற சின்ன ரூம் ஒண்ணு பட்டறை ஓரத்துல இருக்கு. கம்பெனி ஆள் வந்தா வான்கோழியையும் வாத்தையும் கூடையில அள்ளி அந்த நூல் ரூமுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்திக்கலாம். இதுதான் என் திட்டம்.

கம்பெனி ஆள்னா லோகநாதன் சார். சூப்பர்வைசர். ஒல்லியா, தலையைவிடப் பெரிய ஹெல்மெட் போட்டுட்டு வருவார். வாரத்துல ரெண்டு நாள் வந்து செத்ததை எண்ணுவார், உசுரோட இருக்கறதை எடை போடுவார், மருந்து கொடுப்பார். எப்ப வருவார்னு சொல்லாமத்தான் வரணும்னு கம்பெனி உத்தரவாம். ஆனா இந்த ஆளு போகும்போதே, “அப்ப வெள்ளிக்கிழமை பார்க்கலாங்க்கா”ன்னு அம்மாகிட்ட சொல்லிட்டுப் போவார். ஓட்டை வாய். அதுமட்டுமில்லை, வாய்க்கால் மேட்டுல திரும்பும்போதே ஹாரன் அடிக்க ஆரம்பிச்சுடுவார். ஆளும் கிடையாது, மாடும் கிடையாது, அந்த ரோட்டுல ஒரு நாய்கூடப் படுத்திருக்காது. காலி ரோட்டுல கீ கீன்னு அடிச்சுட்டு வருவார். சரியான லூசுன்னு நினைச்சுக்குவேன். எனக்கு அதுவும் வசதிதான். ஹாரன் கேட்டதும் கூடையை எடுப்பேன், அள்ளுவேன், தள்ளுவேன், சாத்துவேன். அவர் ஸ்டாண்டு போட்டு ஹெல்மெட்டைக் கழட்டறதுக்குள்ள நான் ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி தீனித்தட்டைத் தட்டிட்டு நிப்பேன்.

ஒருதடவைகூட மாட்டலைக்கா. நான்தான் சொன்னேனே, மறைச்சு வைப்பேன்னு.

ஆரம்பத்துல வான்கோழிக் குஞ்சு ஒவ்வொண்ணா செத்துச்சு. ஏன்னே தெரியலை. தீனி பக்கத்துலயே இருக்கு, தண்ணி பக்கத்துலயே இருக்கு, கழுத்தை நீட்டிட்டு எங்கேயோ பார்த்துட்டு நிக்கும், காலையில பார்த்தா விழுந்து கிடக்கும். ராத்திரி குளிர் தாங்கலை போலன்னு கூடைக்குள்ள தனியா எடுத்து, துணி சுத்தி வச்சேன். இன்னும் வேகமா செத்துச்சு. அன்னைக்கு லோகநாதன் சார் வந்தார். நான் அழுது மூஞ்சி வீங்கி நின்னுட்டு இருந்தேன். “என்ன அம்மிணி?”ன்னார். வயித்துவலின்னேன். அவர் கோழியை எடை போட்டுட்டே அம்மாகிட்ட சம்பந்தமே இல்லாம ஒரு கதை சொன்னார்.

“கரூர்ப் பக்கம் ஒரு பண்ணையில பார்த்தனுங்க்கா. வான்கோழிக் குஞ்சு வளர்க்கறாங்க. அதுக்குப் பொறந்ததும் திங்கத் தெரியாதுங்க. முன்னாடி தீனி இருந்தாலும் பட்டினி கிடந்தே சாகும். தனியா வெச்சா அவ்வளவுதான். கோழிக்குஞ்சு கூட விட்டாங்க. அது கொத்தறதைப் பார்த்துப் பார்த்து இதும் கொத்திக்குச்சு. தண்ணிக்குள்ள நாலு பளபளன்னு கோலிக்குண்டு போட்டாங்க, அதைக் கொத்தப் போய்த் தண்ணியும் குடிச்சுப் பழகிக்குச்சு.”

“அப்படிங்களா சார்”னு அம்மா கேட்டுச்சு. நான் உள்ளுக்குள்ள குதிச்சேன். அவர் பைக்கு கிளம்பினதும் ஓடிப்போய்த் துணியை உருவிட்டு எல்லாத்தையும் மறுபடி ஒரே வட்டத்துக்குள்ள விட்டேன். கோலிக்குண்டுக்கு எங்க போறது? என் பழைய பாசிமாலையை அறுத்துப் போட்டேன். ஒரு கோழிக்குஞ்சு கொத்துது, வான்கோழி தலையைச் சாய்ச்சுப் பார்க்குது, அப்புறம் அதும் கொத்துது. அன்னையிலிருந்து ஒண்ணுகூடச் சாகலை. யாரோ கரூர்க்காரங்க புண்ணியம்.

அந்த ஆளுக்கு இப்படித்தான், ஊர்ப்பட்ட கதை இருக்கும். வாய் ஓயாது. இன்னொருதடவை, “ஒரு பண்ணையில கம்பெனித் தீனியையே வான்கோழிக்கும் போட்டாங்களாம். அதுல கோழிக்குன்னு மருந்து கலந்திருக்குங்க. கோழிக்கு ஒண்ணும் பண்ணாது, வான்கோழிக்குக் கால் விழுந்துரும்”னார். எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. ஏற்கெனவே ரெண்டு வான்கோழி காலை இழுத்துட்டு இருந்துச்சு. மறுநாளே மக்காச்சோளமும் கடலைப்புண்ணாக்கும் கருவாட்டுத்தூளும் அரைச்சுக் கலந்து, அதுங்களுக்குத் தனியா வச்சேன். தேறிடுச்சு. பாருங்க, ஏமாந்த ஆள் ஒருத்தர் வந்து, எங்களுக்குத் தேவையானதையெல்லாம் அவரே அறியாம சொல்லிட்டுப் போறார். எனக்கு அதுல ஒரு பெருமை வேற.

என்னக்கா சிரிக்கிறீங்க? இன்னும் கேளுங்க, இதைவிடச் சிரிப்பு இருக்கு.

ஒருநாள் அவசரத்துல ஒரு வாத்துக்குஞ்சை அள்ளாம விட்டுட்டேன். சார் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தராசைப் பார்த்துட்டு இருக்கார். அது பாட்டுக்கு மஞ்சிக்குள்ள இருந்து கிளம்பி, நேரா நடந்து வந்து, அவர் ஷூ மேல ஏறி நின்னுடுச்சு. நின்னதோட இல்லை, அங்கேயே ஆயும் போச்சு. எனக்கு உசுரே இல்லை. சார் என்ன பண்ணினார் தெரியுமா? தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பார்த்துட்டு, “என்னங்க்கா இது, இவ்வளவு ஒட்டடை. அடிக்கக் கூடாதுங்களா?”ன்னார். கூரையையே பார்த்துட்டு ஒட்டடையைப் பத்தி ரொம்ப நேரம் பேசினார். அதுக்குள்ள நான் ஒரே எட்டுல போய் அதைத் தூக்கிப் பாவாடைக்குள்ள சுருட்டிட்டேன். வெளியே போய்க் குழாயில ஷூவைக் கழுவிட்டுக் கிளம்பினார். அந்த மனுஷனுக்குக் கண்ணு சுத்தமா தெரியாதுக்கா. கண்ணாடி போட வேண்டிய ஆளு, போடாம பைக்கு ஓட்டிட்டுச் சுத்தறார்.

அன்னைக்கு நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அம்மா சிரிக்கலை. “உனக்கு வாய் இருக்கற அளவுக்குக் கண்ணு இல்லடி”ன்னுச்சு. கண்ணு இல்லாதது அவருக்கு, என்னைத் திட்டுது.

புரட்டாசிக்குள்ள எல்லாம் பெருசாயிடுச்சு. கோழி ஒரு தொகுதி லாரி ஏறிப் போய், அடுத்த தொகுதி வந்து, அதும் போயாச்சு. ஒவ்வொரு தொகுதியும் சிறுசா வந்து, இதுங்க கண்ணு முன்னாடியே குண்டாகி, நடக்க முடியாம உட்கார்ந்து, ஒருநாள் காலையில காணாமப் போயிடும். வான்கோழிங்க அன்னைக்கெல்லாம் காலிப் பட்டறையை ஒரு சுத்து சுத்தி வரும். தேடுதோ என்னவோ. வாத்துக்கு அதெல்லாம் கிடையாது. தண்ணி எங்கன்னு பார்க்கும், அவ்வளவுதான். அதுல ஒண்ணுக்கு மட்டும் கால் கொஞ்சம் நொண்டல். கதவுல நசுங்கினது. நான் அவசரமா சாத்தினதுல நசுங்கினது. அதை நான் யார்கிட்டயும் சொல்லலை, அம்மாகிட்டகூட. மத்ததெல்லாம் ஓடிப் போனப்புறம் அது தனியா கெந்திக் கெந்திப் பின்னாடி வரும்.

கூடையில அள்ள முடியாத அளவுக்கு வளர்ந்ததால வான்கோழிக்கும் வாத்துக்கும் நூல் ரூமே வீடாயிடுச்சு. அப்புறம் ஆண் வான்கோழிங்களுக்குக் குரல் வந்துச்சு. சத்தம் எங்க கேட்டாலும் பதில் சொல்லும். இருமினா பதில் சொல்லும், குக்கர் விசில் அடிச்சா பதில் சொல்லும். லோகநாதன் சார் வாய்க்கால் மேட்டுல ஹாரன் அடிச்சா, நூல் ரூமுக்குள்ள இருந்து எல்லாம் சேர்ந்து களகளகளன்னு ஒரு கத்து. மாட்டினோம்டான்னு நினைச்சேன். நல்லவேளை, அடுத்த வாரத்திலிருந்து ஹாரன் கிடையாது. ரிப்பேராம். அதுக்குப் பதிலா அம்மா போனுக்கு ஒரு மிஸ்டு கால் வரும், கொஞ்ச நேரத்துல ஆள் வருவார். “சிக்னல் இருக்கான்னு பார்த்தனுங்க்கா”ம்பார். எங்க நேரம் நல்லா இருந்துச்சு, அவ்வளவுதான்.

நல்லா இருந்தது ஐப்பசி வரைக்கும்தான்.

ஐப்பசியில மழை பிடிச்சுது. நூல் ரூம் ஓடு ஒழுகி உள்ள முழங்கால் தண்ணி. வாத்துக்குக் கொண்டாட்டம், வான்கோழிக்கு ஆகாது. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்துச்சு. நான் மூணையும் பட்டறையிலயே ஒண்ணா விட்டேன். மூணாவது தொகுதிக் கோழி, இன்னும் ஒரு வாரத்துல லாரி வரணும், உருண்டை உருண்டையா இருக்கு. அதுங்க தண்ணி குடிக்கிற டிரிங்கரைப் பார்த்தது வாத்து. கோழி அலகைத்தான் நனைக்கும். வாத்து தலையை விடும், கழுத்தை விடும், அப்புறம் குளிக்கவே ஏறிடும். எனக்குத் தெரியும்க்கா. தெரியாதுன்னு சொல்லக் கூடாது. ஒரு பண்ணையில வாத்துக்குத் தண்ணியை வெளியேதான் வைப்பாங்கன்னு அந்த ஆள் ஏற்கெனவே கதை சொல்லியிருக்கார். சரி, அம்மா வர்றதுக்குள்ள பார்த்துக்கலாம்னு போனை எடுத்துட்டு உட்கார்ந்தேன். மழைச் சத்தம் சுகமா இருந்துச்சு. தூங்கிட்டேன்.

எழுந்து பார்த்தா ஒரு டிரிங்கர் குழாயோட பிடுங்கிக் கிடக்கு. தண்ணி ஓடிட்டே இருக்கு. மஞ்சி முழுக்கக் களி. வாத்தெல்லாம் அதுல நீந்துது. கோழி? அதுங்களால ஓட முடியாதே. நனைஞ்ச இடத்துலயே உட்கார்ந்திருக்கு, நெஞ்சு முட்டும் சேறு. ஒண்ணுகூடக் கத்தலை. அதுதான் எனக்கு இப்பவும்... கத்தியிருந்தா எழுந்திருப்பேன். அதுக்குக் கத்தக்கூடத் தெரியலை.

மறுநாளே சளி. கர்ர் கர்ர்னு பட்டறை முழுக்க மூச்சுச் சத்தம். அப்புறம் சாக ஆரம்பிச்சுது. சாக்குல அள்ளிட்டுப் போய்ப் பின்னாடி குழியில கொட்டுவோம், திரும்பி வந்தா அடுத்த சாக்குக்கு இருக்கும். மிஸ்டு கால் வந்ததும் வான்கோழியையும் வாத்தையும் வீட்டுக்குள்ள தள்ளிச் சாத்தினேன். லோகநாதன் சார் ஓடி வந்தார். சட்டையைக் கழட்டி வலை மேல போட்டுட்டு எங்களோட சேர்ந்து மஞ்சியை வாரினார், சுண்ணாம்பு தூவினார், மருந்து கலக்கினார். பொழுது சாயற வரைக்கும் இருந்தார். நடுப் பட்டறையில அந்த உடைஞ்ச குழாயைப் பார்த்தார். பார்த்துட்டு, “மேக்கால சாரல் அடிச்சிருக்குதுங்க்கா, அதான்”னு அவரே சொல்லிட்டார். அடிச்ச சாரல் நடுவுல மட்டும் எப்படி நனைக்கும்? அதுகூட யோசிக்கலை. கம்பெனிக்கும் சாரல்னே சொல்லிட்டார். நான் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரலை.

ஆனா சாவு அதிகமா இருக்குன்னு மேனேஜரே கார்ல வந்துட்டார். சொல்லலை, ஹாரன் இல்லை, மிஸ்டு கால் இல்லை. கார்க் கதவைப் படார்னு சாத்தினார் பாருங்க, அந்தச் சத்தத்துக்குப் பெரிய ஆண் வான்கோழி ஒரு கத்து கத்திட்டு, வாலை விசிறி மாதிரி விரிச்சுட்டு, நெஞ்சைத் தூக்கிட்டு, பட்டறை வாசல்லயே வந்து நின்னுச்சு. மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த மாதிரி.

“என்ன இது?”ன்னார் மேனேஜர்.

வான்கோழிக்குப் பின்னாடி வாத்து ஒவ்வொண்ணா வருது. கடைசியா நொண்டி.

“கோழிக் கொட்டாய்ல வான்கோழி, வாத்து... இது பண்ணையா, மிருகக்காட்சி சாலையா? யாரைக் கேட்டு வளர்த்தீங்க? இன்னியோட உங்க பண்ணையை நிறுத்தறேன், போங்க.”

அம்மா மூஞ்சியைப் பார்த்தேன்க்கா. அப்பாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு அது யோசிக்கிறது எனக்கு அப்படியே தெரிஞ்சுது. அப்ப என் வாய் தானா திறந்துச்சு. “லோகநாதன் சார்கிட்ட கேட்டுட்டுத்தான் சார் வளர்த்தோம். அவர்தான் வளர்த்துக்கோங்கன்னார்.”

அவ்வளவுதான். எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியலை. நான் பொய் சொல்ற ஆளே கிடையாது. வாத்தை மறைச்சேன், சரி. ஆனா ஒருத்தர் பேரைச் சொல்லிப் பொய் சொன்னது கிடையாது. அம்மா என்னைப் பார்த்துச்சு. அடிக்கப் போகுதுன்னு நினைச்சேன். அடிக்கலை. கண்ணை மூடிக்கிச்சு.

மேனேஜர் போன் போட்டு அவரை வரச் சொன்னார். வந்தார். அந்தப் பெரிய ஹெல்மெட்டைக் கழட்டாமயே நின்னார். வாசல்ல வான்கோழி, காலடியில வாத்து, இந்தப் பக்கம் நான். எல்லாத்தையும் ஒருதடவை பார்த்தார். எதுக்கும் ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியலை. பயத்துல உறைஞ்சு போயிட்டார் போல.

“நீதான் வளர்க்கச் சொன்னியா?”

நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், இல்லைன்னு சொல்லுங்க சார், இல்லைன்னு சொல்லுங்க. இல்லைன்னு சொன்னா நானே உண்மையை ஒத்துக்கலாம்னு நின்னேன். சத்தியமா.

“ஆமாங் சார். நான்தான் சொன்னேன். பிள்ளை ஆசைப்பட்டுச்சு, வளர்த்துக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“உனக்குச் சட்டம் தெரியாது?”

“தெரியும் சார்.”

கழுத்துல மாட்டியிருந்த கம்பெனி அட்டையைக் கழட்டிக் கொடுக்கச் சொன்னார் மேனேஜர். ஹெல்மெட் போட்டிருந்ததால கயிறு வரலை. அதுக்கப்புறம்தான் ஹெல்மெட்டைக் கழட்டினார். அட்டையைக் கொடுத்தார். அம்மாவைப் பார்த்து, “வர்றனுங்க்கா”ன்னுட்டுப் போயிட்டார்.

எங்களுக்கு ஒண்ணும் ஆகலை. சூப்பர்வைசரே சொன்னப்புறம் பண்ணைக்காரங்க மேல என்ன தப்புன்னு கண்டிச்சுவிட்டுட்டாங்க. வான்கோழி, வாத்தெல்லாம் அன்னைக்கே ஒரு ஓட்டல்காரர் வண்டியில ஏறிடுச்சு. நாளைக்குப் புதுக் குஞ்சு வருது. புது சூப்பர்வைசர் ஒருத்தர் வர்றார், சொல்லாம வர்றார், எல்லா ரூமையும் திறந்து பார்க்கிறார், ஒரு கதை சொல்றதில்லை.

போன வாரம் பெட்ரோல் போடப் போனேன். பங்க்ல குழாயைப் பிடிச்சுட்டு நிக்கறது யாருன்னு பார்த்தா லோகநாதன் சார். எனக்கு வண்டியைத் திருப்பிட்டு ஓடிடலாமான்னு இருந்துச்சு. அவரே, “அம்மிணி, நல்லா இருக்கியா? அந்தக் கெந்தற வாத்து தேறிடுச்சா?”ன்னார். வித்தாச்சு சார்னேன். “ஓ”ன்னார். நொண்டி வாத்தைப் பத்தி இவருக்கு யார் சொன்னதுன்னு வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். அன்னைக்கு வாசல்ல பார்த்திருப்பார் போல. ஊர்ல சொல்றாங்க, அவருக்குத் தையில கல்யாணமாம். பொண்ணு வீட்டுல, மாப்பிள்ளைக்கு வேலை போனது நிஜமான்னு விசாரிச்சுட்டு இருக்காங்களாம்.

அம்மாகிட்ட சொன்னேன், நான் போய் உண்மையைச் சொல்றேன்னு. “போகாதே”ன்னுச்சு. “அந்த மனுஷன் செஞ்சதைக் கெடுத்துடாதடி”ன்னுச்சு. அவர் என்ன செஞ்சார்? செஞ்சதெல்லாம் நான். அம்மாவுக்குப் பண்ணை போயிடுமேன்னு பயம், அதான் ஏதோ உளறுது. அதும் பாவம்தான். அதனால இன்னைக்குச் சொல்லாமக் கிளம்பி வந்துட்டேன். துணி எடுக்கப் போறேன்னு சொல்லியிருக்கேன். பாருங்க, இன்னொரு பொய்.

சரி, நீங்கதான் மேனேஜர்னு வச்சுக்கோங்க. நான் சொல்றேன், சரியா இருக்கான்னு பாருங்க. “சார், வணக்கம். என் பேரு கோகிலவாணி. எங்கம்மா துளசிமணி பேர்ல இருக்கிற பண்ணை. லோகநாதன் சாருக்கு எதுவுமே தெரியாது சார். அவர் வர்றப்பெல்லாம் நான்தான் ஒளிச்சு வச்சேன். கோழி செத்ததும் என்னாலதான், சாரல் இல்லை. அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்துடுங்க. எங்க பண்ணையை வேணும்னா நிறுத்திக்கோங்க.” வேணும்னான்னு சொல்ல வேண்டாமோ? நிறுத்திடுங்கன்னே சொல்லிடறேன். பாதி பாதியா சொல்றது எனக்குப் பிடிக்காது.

என்னது? ஆமா, கேப்பார்தான். ஒண்ணும் தெரியாதவன் ஏன் ஒத்துக்கிட்டான்னு கேப்பார். அதுக்குத்தான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். ஒரே காரணம்தான் இருக்கு. பயந்தாங்கொள்ளி சார் அவர், மேனேஜரைப் பார்த்ததும் பயத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டார்னு சொல்லப்போறேன். கேட்கறதுக்கு நல்லா இல்லைதான். ஆனா உண்மை அதுதானே?

வந்துடுச்சு, அந்த நீலக் கேட்டுதான். அண்ணா, இறங்கணும், நிறுத்துங்க!

எதுக்குக்கா கையைப் பிடிக்கிறீங்க? எனக்குப் பயமெல்லாம் இல்லை. அப்புறமா சொல்லுங்க, கண்டக்டர் கத்துறார் பாருங்க. விடுங்கக்கா. கையை விடுங்க.